பிறந்தவுடன் பெறும் மதிப்பெண்

மாணவர்களே! தேர்வில் மதிப்பெண் பெறுவது உங்களுக்குப் புதிதன்று. ஆயினும், பள்ளிக்கு வருவதற்கு நெடுநாள் முன்பே மதிப்பெண் பெற்றவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் நிமிடத்திலேயே மதிப்பெண் இடப்படுகிறது. அம்முறையை வகுத்தவர் அமெரிக்க மருத்துவப் பேராசிரியர் வர்ஜீனியா ஆப்கார்.

அவர் 1909ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். அவருடைய தமையன் காசநோயால் இளமையிலேயே மறைந்தார். 1933ஆம் ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற வர்ஜீனியா, அறுவை மருத்துவராக விரும்பினார். பெண்கள் அத்துறையில் நிலைபெறுவது அரிதாக இருந்த காலம் அது. ஆகவே, அறுவை மருத்துவத் துறைத் தலைவர் ஆலன் விப்பிள், மயக்க மருத்துவம் பயிலுமாறு அவருக்கு அறிவுரை கூறினார். அப்போது அது பெரும்பாலும் செவிலியரின் பணியாகவே கருதப்பட்டது. வர்ஜீனியா அதனை முறையாகக் கற்றார். 1938இல் அப்பிரிவின் தலைவரானார். 1949இல் கொலம்பியா மருத்துவக் கல்லூரியின் முதல் பெண் பேராசிரியர் என்னும் பெருமையை அடைந்தார்.

மகப்பேற்று அறையில் பணியாற்றியபோது ஒரு குறை அவர் கண்ணில் பட்டது. அனைவருடைய கவனமும் தாயின்மீதே இருந்தது. மூச்சுவிட இயலாமல் துவண்டு பிறந்த குழந்தைகள் உரிய உதவியின்றி இறக்க நேர்ந்தது. இதனை மாற்ற எண்ணிய அவர், 1952இல் எளிய முறை ஒன்றை அறிவித்தார். இதயத்துடிப்பு, மூச்சு, தசைகளின் உறுதி, தூண்டலுக்கு ஏற்ற அசைவு, உடலின் நிறம் ஆகிய ஐந்தையும் நோக்கி, ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண் இடவேண்டும். மொத்தம் 10. ஏழும் அதற்கு மேலும் நன்று. மூன்றும் அதற்குக் கீழும் உடனே உதவி தேவை என்பதன் அறிகுறி. பின்னர் ஐந்தாம் நிமிடத்திலும் மதிப்பெண் இடும் வழக்கம் ஏற்பட்டது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. மதிப்பெண் இடவேண்டுமாயின் குழந்தையை உற்றுநோக்கியாக வேண்டும். அவ்வாறு நோக்கியதனால் எண்ணற்ற உயிர்கள் காக்கப்பட்டன.

ஐம்பது வயதை ஒட்டி மீண்டும் மாணவியாகிப் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார் வர்ஜீனியா. அதன்பின், பிறவிக் குறைபாடுகளைத் தடுக்கும் பணியில் ஈடுபட்டார். இசையிலும் தேர்ந்த அவர், நரம்பிசைக் கருவிகளைத் தம் கையாலேயே செய்தார். 1974ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் மறைந்தார்.

அவர் வகுத்த மதிப்பெண் குழந்தையின் அறிவையோ எதிர்காலத்தையோ அளப்பதன்று. குறைந்த மதிப்பெண் பெற்ற குழந்தையிடமே மருத்துவர் முதலில் விரைகிறார். நம் வகுப்பிலும் பின்தங்கிய தோழருக்கு முதலில் கைகொடுப்போம்.