பேரிக்காயும் ஏழாம் கட்டளையும்

மறைக்கல்வி வகுப்பில் நம் பிள்ளைகள் பத்துக் கட்டளைகளையும் ஒரே மூச்சில் ஒப்புவித்து விடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவனின் பென்சிலைக் கேட்காமல் எடுத்து வைத்துக்கொள்வதும் ஏழாம் கட்டளைக்கு எதிரானது என்பதை உணர்த்துவதுதான் நமக்குக் கடினமாக இருக்கிறது. இதில் நமக்கு வழிகாட்டக்கூடியவர் புனித அகுஸ்தினார். தம் சிறுவயதுத் திருட்டை மறைக்காமல் உலகறிய எழுதி வைத்தவர் அவர்.

அகுஸ்தினார் 354-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகரில் பிறந்தார். இன்று அது அல்ஜீரியா நாட்டில் உள்ளது. தாய் புனித மோனிக்கா ஆழ்ந்த விசுவாசம் கொண்டவர். தந்தை பத்ரீசியுஸ் அப்போது கிறிஸ்தவர் அல்ல. பள்ளியில் ஆசிரியர்கள் சிறுவனைப் பிரம்பால் அடித்தார்கள். அடி அவரை நேர்மையாளர் ஆக்கவில்லை. விளையாட்டு ஆசையால் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் பொய் சொன்னார். வீட்டுச் சேமிப்பறையிலிருந்தும் சாப்பாட்டு மேசையிலிருந்தும் தின்பண்டங்களைத் திருடினார். சிலவற்றைத் தாமே தின்றார். சிலவற்றைத் தம்மோடு விளையாடும் சிறுவர்களுக்குக் கொடுத்தார். விளையாட்டில் ஏமாற்றி வெற்றி பெறுவார். பிறர் ஏமாற்றினால் மட்டும் சண்டைக்குப் போவார்.

பதினாறாம் வயதில், கார்த்தேஜ் நகரில் மேற்படிப்புக்கான பணத்தைத் தந்தை சேர்க்கும்வரை, அவர் வேலையின்றி ஊரில் இருந்தார். அவர்களுடைய திராட்சைத் தோட்டத்தின் அருகே வேறொருவரின் பேரிமரம் இருந்தது. ஓர் இரவு நண்பர்களோடு சென்று அதை உலுக்கி, காய்களை அள்ளி வந்தார். ஓரிரண்டைக் கடித்துவிட்டு மற்றவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். பசியில்லை. வீட்டில் அவற்றைவிட நல்ல பேரிக்காய்கள் இருந்தன.

ஆயரான பின்பு, ஏறத்தாழ 400-ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கைகள் என்ற நூலில், இச்சிறு நிகழ்ச்சியை அவர் பல பக்கங்களில் ஆராய்கிறார். ஏன் திருடினேன் என்று தம்மைத் தாமே கேட்கிறார். கூடாது என்பதைச் செய்வதில் இருந்த இன்பம் ஒரு காரணம். கூட்டாளிகள் மற்றொரு காரணம். தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்கவே மாட்டேன் என்று கண்டுகொள்கிறார். கொட்டைகளுக்காகவும் பந்துகளுக்காகவும் ஏமாற்றும் சிறுவனே, வளர்ந்தபின் பொன்னுக்காகவும் நிலத்துக்காகவும் ஏமாற்றுகிறான் என்பதும் அவர் கண்ட உண்மை.

386-இல் மிலான் நகரில் மனம் மாறிய அவர், 387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் புனித அம்புரோசியாரிடம் திருமுழுக்குப் பெற்றார். 391-இல் ஹிப்போ நகரில் குருவானார். சில ஆண்டுகளில் அங்கேயே ஆயரானார். தம்முடன் வாழ்ந்த குருக்கள் எவருக்கும் தனிச்சொத்து இருக்கக்கூடாது என்று ஒழுங்கு வகுத்தார். அவர்களுள் ஜனுவாரியுஸ் என்ற குரு இரகசியமாகப் பணம் வைத்திருந்து, தம் சொந்தப் பிள்ளைகளை ஒதுக்கிவிட்டு, அதைத் திருச்சபைக்கு எழுதி வைத்து இறந்தார். அப்பணம் திருச்சபைக்கு வேண்டாம் என்று அகுஸ்தினார் மறுத்துவிட்டார். இதை மக்கள்முன் மறையுரையிலேயே வெளிப்படையாக எடுத்துரைத்தார்.

மசெதோனியுஸ் என்ற அரசு அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவரின் மனவருத்தம் உண்மையானது அல்ல என்று தெளிவுபடுத்தினார். 430-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள், வண்டாலர் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த வேளையில் இறந்தார். எழுதி வைக்கச் சொத்து ஏதும் இல்லாததால் அவர் உயில் எழுதவில்லை.

அன்பான பெற்றோரே, அகுஸ்தினாரின் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியவை சில உண்டு. பிள்ளை வேறொருவர் பொருளோடு வீடு வந்தால், சின்னப் பொருள்தானே என்று விட்டுவிட வேண்டாம். உடனே பிரம்பையும் எடுக்க வேண்டாம். ஏன் எடுத்தாய், உன்னோடு யார் இருந்தார்கள் என்று பொறுமையாகக் கேட்போம். பிறகு கையைப் பிடித்து அழைத்துச் சென்று, அப்பொருளைப் பிள்ளையின் கையாலேயே உரியவரிடம் கொடுக்கச் செய்வோம். ஒப்புரவு அருட்சாதனத்திற்கு இது நல்ல தயாரிப்பும் ஆகும்.

அதற்கு முன் நம்மையும் பார்த்துக்கொள்வோம். பேருந்தில் பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்லி அரை டிக்கெட் வாங்கும்போதும், கடைக்காரர் தவறுதலாகக் கூடுதலாகத் தந்த சில்லறையை மௌனமாகப் பைக்குள் போடும்போதும், அருகில் நிற்கும் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. மறைக்கல்வி வகுப்பு வாரத்தில் ஒரு மணி நேரம். நம் வீடோ நாள் முழுவதும் நடக்கும் வகுப்பு.

பிறர் பொருளை மதிக்கும் உள்ளத்தை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள, புனித அகுஸ்தினார் வழியாக இறைவனை வேண்டுவோம்.