ஆனந்தரங்கப் பிள்ளையும் யுத்த வர்த்தமானமும்

காரைக்கால் 1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1760 ஏப்ரலில் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்துச் சோழமண்டலக் கரையில் நடந்த யுத்தங்களை அறிய விழைவோர், புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையவர்களின் நாட்குறிப்பையே முதற்கண் நாடுவர்.

இவர் 1709-இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை புதுச்சேரியிற் குடியேறி வாணிகம் புரிந்தமையால், இவரும் அத்தொழிலிலேயே வளர்ந்தார். 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். கனகராய முதலியார் 1746-இல் இறந்த பின்னர், கவர்னர் துய்ப்ளெக்ஸிடம் தலைமைத் துபாஷி உத்தியோகம் இவருக்குக் கிட்டியது.

அக்காலத்தில் இங்குப் பத்திரிகை ஏது? இந்தியாவில் முதற் செய்தித்தாள் வெளிவந்ததே 1780-இல்தான். கப்பல் மாலுமியும், கால்நடையாய்க் கடுதாசி கொணர்ந்த ஆட்களும், கடைவீதிப் பேச்சுமே செய்திக்கு வாயில்கள். இவற்றுள் எது மெய், எது பொய் என்று அன்றைக்கன்றே துணிவது எளிதன்று. 1748-இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்கவென் புதுச்சேரியை முற்றுகையிட்டதை நோக்குமின். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை குண்டுகள் பொழிந்தன. ஐரோப்பாவிலோ ஏப்ரல் மாதத்திலேயே சமாதானத்தின் முதலுடன்படிக்கை கைச்சாத்தாகிவிட்டது! அச்செய்தி கடல் கடந்து வருமுன் மாண்டவர்களை எண்ணுங்கால் நம் நெஞ்சு நடுங்குகின்றது.

பிள்ளையவர்கள் கண்ணாற் கண்டதையும் செவியாற் கேட்டதையும் எழுதுவதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவைத்தார். கேள்விப்பட்டதைக் கேள்வியென்றே குறிக்கும் இவ்வழக்கத்தை நாம் பெரிதும் மதிக்கிறோம். எனினும், அவர் பட்சபாதமற்றவர் என்று சொல்லத் துணியோம். துய்ப்ளெக்ஸின் புகழ் அவருக்கு இனித்தது. துய்ப்ளெக்ஸின் மனைவியாரையும், உத்தியோகத்திற் போட்டியிட்டோரையும் பற்றி எழுதுமிடத்துப் பேனாவிற் கசப்பு மிகுந்துவிடுகிறது. சோதிடத்தில் அவர் வைத்திருந்த நம்பிக்கையும் சிலவிடங்களில் தலைகாட்டுகிறது. வெற்றிச் செய்தி கேட்டால் கவர்னரிடம் உடனே ஓடிச் சொல்லவேண்டிய உத்தியோகஸ்தர் வேறெவ்வாறு எழுதுவார்? ஆகவே அவர் கண்டதாகக் கூறுவதை நாம் ஒருவாறு நம்பலாம்; பிறரது குணம் பற்றிக் கூறுவதை எதிர்க்கட்சியார் சாட்சியோடு ஒப்பிட்டே கொள்ளவேண்டும். 1746-இல் சென்னையைப் பிடித்த லபூர்தொனேயும் துய்ப்ளெக்ஸும் பிணங்கிய வரலாற்றைப் படிக்கும் மாணவர் இதனை மறவாதிருத்தல் நன்று.

துய்ப்ளெக்ஸ் 1754-இல் தாய்நாட்டிற்குத் திரும்பினார். அதன்பின் பிள்ளையவர்களின் செல்வாக்கும் உடல்நலமும் குன்றின. 1760 ஜனவரியில் வந்தவாசித் தோல்வி, ஏப்ரலில் காரைக்கால் வீழ்ச்சி என்று ஒன்றன்பின் ஒன்றாய்த் துன்பச் செய்திகள் வந்தன. புதுச்சேரி ஆங்கிலேயர் கைப்பட்ட 1761 ஜனவரி மாதத்திலேயே அவரும் காலமானார். அவர் எழுதிவைத்த சுவடிகள் ஏறக்குறைய 85 ஆண்டுகள் வீட்டிலேயே கிடந்து, 1846-இற்றான் ஆராய்வோர் கண்ணிற்பட்டன. 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தன.