25 இலைகளில் கிடைத்த புற்றுநோய் மருந்து! - டாக்டர் ராபர்ட் நோபிளின் கதை

வருஷம் முழுக்கப் பூக்கும் நித்யகல்யாணியைப் பார்க்காதவங்க இருக்க முடியாது. சில ஊர்களில் இதைச் சுடுகாட்டு மல்லி என்பார்கள். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத இந்தச் செடியைப் புற்றுநோய் சிகிச்சைக்குள் கொண்டு வந்தவர்களில் ஒருவர், கனடாவைச் சேர்ந்த ராபர்ட் நோபிள்.

1910-ல் டொரன்டோவில் பிறந்தவர். அண்ணன் கிளார்க்கும் டாக்டர்தான். 1921-ல் இன்சுலின் ஆய்வில் பான்டிங்குக்கு முதலில் உதவப் போவது யார் என்று கிளார்க்கும் நண்பர் சார்லஸ் பெஸ்ட்டும் காசு சுண்டிப் பார்த்தார்கள். வாய்ப்பு பெஸ்ட்டுக்குப் போனது.

1952-ல் அதே கிளார்க்குக்கு ஜமைக்காவிலிருந்து தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே 25 நித்யகல்யாணி இலைகள். அந்தத் தீவில் சர்க்கரைநோய்க்கு இந்த இலையில் டீ போட்டுக் குடிப்பது வழக்கம். இலைகளைத் தம்பியின் ஆய்வகத்துக்கு அனுப்பி வைத்தார் கிளார்க்.

எலிகளுக்குச் சாற்றைப் புகட்டிப் பார்த்தார் ராபர்ட். சர்க்கரை இறங்கவே இல்லை. ஊசி மூலம் ஏற்றினார். எலிகள் சில நாள்களில் கிருமித் தொற்றில் செத்துப்போயின. அத்தோடு மூட்டை கட்டியிருக்கலாம். அவரோ, ஏன் செத்தன என்று தேடினார். எலிகளின் வெள்ளை அணுக்கள் சரிந்து, எலும்பு மஜ்ஜை முடங்கியிருந்தது. வேகமாகப் பெருகும் செல்களை இந்த இலை தடுக்கிறது என்றால், புற்றுநோய் செல்களையும் தடுக்குமே!

1954-ல் வேதியியலாளர் சார்லஸ் பீர் சேர்ந்தார். டன் கணக்கில் காய்ந்த இலை இருந்தால்தான் சில கிராம் மருந்து கிடைக்கும். 1958-ல் வின்பிளாஸ்டின் வெளிச்சத்துக்கு வந்தது. செல் இரண்டாகப் பிரியத் தேவையான நுண்ணிழைகளை உருவாக விடாமல் செய்வதுதான் இதன் வேலை. ஹாட்ஜ்கின் லிம்போமா, விதைப்பை புற்றுநோய் சிகிச்சைகளில் இது பெரிய துணையானது. பின்னாளில் பிரான்ஸ் விஞ்ஞானிகள் இதே குடும்பத்தில் உருவாக்கிய வினோரெல்பின், பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது.

1960-ல் வான்கூவர் போன ராபர்ட், மார்பகப் புற்றுநோயில் ஹார்மோன்களின் பங்கை எலிகளில் ஆராய்ந்தார். 1990-ல் மறைந்தார்.

சரி, இலையைக் கஷாயம் வெச்சுக் குடிக்கலாமா? கூடவே கூடாது. அந்த எலிகளைக் கொன்றதும் இதே இலைதான். மருத்துவமனையில் ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்து, மில்லிகிராம் கணக்கில் ஏற்றுகிறார்கள். கஷாயத்தில் அந்தக் கணக்கு கிடையாது. மார்பில் கட்டி தட்டுப்பட்டால், செடியைத் தேடாதீங்க. அன்றைக்கே டாக்டரைப் பாருங்க.