டாக்டர் சம்புநாத் தே

கீரனூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வாந்திபேதி கண்டால் ஊரே நடுங்கும் என்று முதியோர் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். அந்நோய் மனிதனை எவ்வாறு கொல்கிறது என்பதைக் கண்டு சொன்னவர் ஓர் இந்தியர், அதிலும் வைத்தியக் கலாசாலை ஆசிரியர் ஒருவர் என்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்?

சம்புநாத் தே 1915-ம் வருஷம் வங்காளத்து ஹூக்ளி ஜில்லாவில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். கல்கத்தாவில் வைத்தியம் கற்றுத் தேறி, லண்டன் சென்று ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, 1949-ல் தாய்நாடு திரும்பினார். நீல்ரதன் சர்க்கார் வைத்தியக் கலாசாலையில் உபாத்திமைத் தொழிலை ஏற்ற அவர், 1955-ல் கல்கத்தா வைத்தியக் கலாசாலையில் நோய்க்கூறு, கிருமி சாஸ்திரப் பகுதியின் தலைவரானார்.

காலராக் கிருமியை ஜெர்மானிய நிபுணர் கோக் 1884-ல் அதே கல்கத்தாவில் ஆராய்ந்து அடையாளம் காட்டியிருந்தார். ஆயினும் அதன் விஷம் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுவதாகவே நிபுணர் பலரும் நெடுங்காலம் எண்ணி ஏமாந்தனர். டாக்டர் தே குடலையே நோக்கினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, இடையே கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீரால் உப்பியிருந்தது! 1953-ல் இது வெளியாயிற்று. பின்னர்க் கிருமிகளை வடிகட்டி நீக்கிவிட்டு, அவை வளர்ந்த நீரை மாத்திரம் செலுத்தினார்; அப்போதும் குடல் உப்பிற்று. கிருமி கக்கும் விஷமே குடலிலிருந்து நீரைப் பெருக்கி ஆளை வற்றடிக்கிறது என்பது ருஜுவாயிற்று. 1959-ல் 'நேச்சர்' பத்திரிகை இதைப் பிரசுரித்தது. முயலும் நூலும் வடிகட்டியுமே அவருடைய முக்கிய சாதனங்கள்.

அவ்விஷத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க வேண்டிய வசதிகள் அவருக்கு வாய்க்கவில்லை. 1969-ல் அமெரிக்கர் அதைச் செய்து முடித்தனர்.

2017 முதல் புதுக்கோட்டையிலேயே சர்க்கார் வைத்தியக் கல்லூரி நடைபெறுகிறது. கீரனூர்ப் பிள்ளைகள் பஸ் ஏறிச் சென்று கிருமி சாஸ்திரம் பயிலலாம். அதைப் போதிக்கும் ஆசிரியருக்குப் பாடபுத்தகமும் கரும்பலகையும் போதும், ஆராய்ச்சிசாலை எதற்கு என்று கேட்கும் கனவான்கள் இன்றும் உண்டு. அவர்கள் இந்தச் சரிதத்திற்கு என்ன சமாதானம் சொல்வார்களோ, நாம் அறியோம்.

டாக்டர் தே 1973-ல் ஓய்வு பெற்றார். 1978-ல் நோபெல் ஸ்தாபனத்தார் காலரா பற்றிய மகாநாட்டிற்கு அவரை ஸ்வீடனுக்கு அழைத்துக் கௌரவித்தனர். நம் நாட்டு விஞ்ஞான சங்கம் எதுவும் அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்ததில்லை. 1985-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 15-ந் தேதி அவர் காலமானார்.