கூச்சத்தையும் மதித்த மருத்துவர்



1887-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், ஐரிஷ் வம்சாவளிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் மேரி குளோரி. மெல்போர்னில் மருத்துவராகப் பணியாற்றிய அவர், 1915-இல் ஆக்னஸ் மக்லாரன் என்ற ஸ்காட்லாந்துப் பெண் மருத்துவரைப் பற்றிய சிறுநூலை வாசித்தார். ஆண் மருத்துவரிடம் செல்ல வழக்கம் இடம் தராததால், இந்தியாவில் தாய்மாரும் குழந்தைகளும் மடிவதை அறிந்தார். அப்பெண்களின் கூச்சத்தை அறியாமை என்று அவர் ஒதுக்கவில்லை. அவர்களைத் தேடிச் செல்லும் பெண் மருத்துவராகத் தம்மையே கையளித்தார்.

1920-இல், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு வந்து, இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். துறவியர் மருத்துவத் தொழில் செய்யத் திருச்சபைச் சட்டம் அப்போது தடை விதித்திருந்தது. திருத்தந்தையின் சிறப்பு அனுமதி பெற்றே அவர் மருத்துவம் பார்த்தார். உள்ளூர்ப் பெண்களையே மருத்துவச்சிகளாகவும் செவிலியராகவும் பயிற்றுவித்தார். 1943-இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகள் சங்கத்தைத் தொடங்கினார். 1957-இல் பெங்களூரில் இறைவனடி சேர்ந்தார். 2013-இல் இறை ஊழியராக அறிவிக்கப்பட்டார்.

இன்று ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் வடமாநிலங்களிலிருந்து வந்து உழைக்கும் குடும்பங்கள் நம் அயலாராய் வாழ்கின்றன. மொழி தெரியாமல், சொல்லக் கூசி, மருத்துவமனை வரிசையில் நிற்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு மருந்து மட்டும் போதுமா? இந்தி தெரிந்த நம் பங்குப் பெண்கள் அவரோடு துணைக்குச் செல்லலாமே. நோயை மட்டுமல்ல, நோயுற்றவரையும் அறிந்துகொள்ள இறைவனிடம் வரம் கேட்போம்.