பொன்னெழுத்துப் பெரியார் இப்னுல் பவ்வாப்

ரபீஉல் அவ்வல் பிறை கண்டுவிட்டால் சாத்தான்குளத்தில் நாம் பள்ளிவாசலுக்கு வண்ண விளக்குகள் கட்டி மகிழ்கிறோம். இதை ஆங்கிலத்தில் ‘இலுமினேஷன்’ என்பர். கையெழுத்துப் பிரதிகளைப் பொன்னாலும் வண்ணத்தாலும் அழகு செய்வதற்கும் அவர்கள் வழங்குவது இதே சொல்தான். அரபியில் அதற்குத் தத்ஹீப் என்று பெயர். தஹப் என்றால் தங்கம். அக்கலையில் சிறந்த ஒரு பெரியாரின் வரலாற்றை இங்கு காண்போம்.

அவர்களின் இயற்பெயர் அலீ இப்னு ஹிலால். தந்தையார் பக்தாதில் வாயிற்காவலர். ஆகவே, வாயிற்காவலரின் மகன் என்னும் பொருளில் இப்னுல் பவ்வாப் என்றே உலகம் அவர்களை அழைத்தது. முதலில் வீடுகளுக்கு வண்ணம் தீட்டினார்கள். அடுத்து நூல்களுக்குப் பொன் வேலை செய்தார்கள். பின்னரே எழுத்துக் கலைக்கு வந்தார்கள். ஹிஜ்ரி 328-இல் மறைந்த இப்னு முக்லா எழுத்துக்கு அளவு வகுத்தார். அந்த அளவுக்கு அழகைச் சேர்த்தவர்கள் இவர்கள். குர்ஆன் முழுவதையும் மனனம் செய்த ஹாஃபிஸாகவும் திகழ்ந்தார்கள்.

ஷீராஸில் பஹாவுத் தவ்லா என்னும் மன்னரின் நூலகத்தை அவர்கள் கவனித்து வந்தபோது நடந்ததை யாகூத் அல்-ஹமவி எழுதியுள்ளார். இப்னு முக்லா எழுதிய குர்ஆனின் 29 ஜுஸ்உகள் அங்கே சிதறிக் கிடந்தன. ஒன்று மட்டும் அகப்படவில்லை. அதைத் தாம் எழுதித் தருவதாகவும், எது புதியது என்று மன்னரால் காண முடியாவிட்டால் பட்டாடையும் 100 தீனாரும் தரவேண்டும் என்றும் அவர்கள் கேட்டார்கள். மன்னரும் இசைந்தார். பழைய தாளைத் தேடியெடுத்து எழுதி, பொன்னையும் பழமை தோன்றும்படி மங்கச் செய்து, பழைய அட்டையிலேயே கட்டினார்கள். ஓராண்டு கழித்து மன்னர் ஒவ்வொன்றாகப் புரட்டியும் கண்டுபிடிக்க முடியவில்லை. சொன்ன பரிசோ தாமதமாயிற்று. அதற்குப் பதிலாக நூலகத்திலிருந்த சீனத்துத் தாள்களை அவர்கள் கேட்டுப் பெற்றார்கள். அந்தத் தாள்களில் பல ஆண்டுகள் எழுதினார்கள். பொன்னைவிட எழுதும் தாளே அவர்களுக்குப் பெரிதாயிருந்தது!

தம் வாழ்நாளில் 64 குர்ஆன் பிரதிகள் எழுதியதாகச் சொல்லப்படுகிறது. ஹிஜ்ரி 391-இல் பக்தாதில் எழுதிய 286 ஏடுகள் கொண்ட பிரதி, அயர்லாந்தின் டப்ளின் நகரில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. அதன் பொன் வேலையும் அவர்கள் கைவண்ணமே என ஆய்ந்தோர் கருதுகின்றனர். ஹிஜ்ரி 413-இல் (கி.பி. 1022) பக்தாதில் வபாத்தாகி, இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களின் கப்ருக்கு அருகில் அடக்கமானார்கள்.

முன்னோர்களில் சிலர் முஸ்ஹபை அலங்கரிப்பதை விரும்பவில்லை. கண் அழகில் லயித்து, கருத்து ஓதலை விட்டு விலகுமோ என அஞ்சினார்கள். கண்ணியம் செய்யும் நிய்யத்தில் அதை அனுமதித்த உலமாக்களும் உண்டு. இரு சாராரின் நோக்கமும் ஒன்றே: குர்ஆன் ஓதப்பட வேண்டும்.

சகோதரர்களே! நம் வீட்டு முஸ்ஹப் பட்டு உறைக்குள் அலமாரியின் உச்சியில் இருக்கிறது. கடைசியாக அதை எப்போது திறந்தோம்? மூதாதையர் எழுதிவைத்த அரபுத்தமிழ் ஏடுகளைக் கறையானுக்கு விட்டுவிட்டோமா? பள்ளிக்குக் கட்டிய விளக்குகளை மறுநாள் கழற்றிவிடுவோம். ஓதிய ஒளியோ கப்ரு வரை வரும். அந்த ஒளியை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.