ஸ்ட்ராடிவாரியும் எங்கள் அத்திம்பேர் வயலினும்

சென்ற வருஷம் என் அக்கா காலமான பிறகு அலமாரியைக் காலி செய்தபோது, அத்திம்பேர் வாசித்த பழைய வயலின் வெளியே வந்தது. ரயில்வே உத்தியோகத்தில் கல்கத்தாவில் இருந்தபோது, 1950-களில், பழைய சாமான் கடை ஒன்றில் அவர் வாங்கியது. மேல்பலகைத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே ஒரு சீட்டு. கிரிமோனா நகரத்து அன்டோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ் 1721-ல் செய்தது என்று லத்தீனில் அச்சாகியிருந்தது.

அதே 1721-ல் அவர் செய்த வயலின் ஒன்று 2011-ல் ஏலத்தில் 98 லட்சம் பவுனுக்குப் போனது என்று யாரோ சொல்ல, வீட்டில் கலவரம் ஆரம்பித்தது. பெரிய மருமானுக்கு வீட்டுக் கடன் கழுத்து வரை இருக்கிறது, விற்றுவிடலாம் என்றான். சின்னவன், அப்பா ஞாபகமாக இருக்கும் ஒரே பொருள், தரமாட்டேன் என்றான். இரண்டு மாதம் அண்ணன் தம்பிக்குள் பேச்சே இல்லை. நான் பி.எஸ்ஸி. படித்தவன் என்பதால், நிஜமா போலியா என்று தீர்மானிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வயலினுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் கச்சேரி கேட்டதோடு சரி. ஆகவே முதலில் அந்த மனிதரின் சரித்திரத்தைப் படிக்கலானேன். அதை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்டோனியோ ஸ்ட்ராடிவாரி பிறந்த வருஷத்துக்குப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. முதுமையில் சில வாத்தியங்களின் சீட்டில் தம் வயதையும் எழுதி வைத்தார். அதைக் கொண்டு, சுமார் 1644 என்று கணக்கிடுகிறார்கள். வடக்கு இத்தாலியின் கிரிமோனா அதற்கு நூறு வருஷம் முன்பே, அமாட்டி குடும்பத்தால், வயலினுக்குப் பேர் பெற்ற ஊர். 1630-ல் வந்த கொள்ளை நோயில் அக்குடும்பத்தில் எஞ்சிய நிக்கோலோ அமாட்டி, பிற்பாடு வெளிப்பிள்ளைகளுக்கும் தொழில் கற்றுக் கொடுத்தார். 1666-ம் வருஷச் சீட்டு ஒன்றில் ஸ்ட்ராடிவாரி தம்மை அந்த அமாட்டியின் சிஷ்யர் என்று குறிப்பிட்டிருக்கிறார்.

1667-ல் பிரான்செஸ்கா என்ற இளம் விதவையை மணந்தார். 1680-ல் சான் டொமினிக்கோ தேவாலயத்துக்கு எதிரே சொந்த வீடு வாங்கினார். பட்டறையும் குடித்தனமும் அங்கேதான். 1684-ல் அமாட்டி மறைந்த பின், அந்த ஊரில் முதல் இடம் இவருக்கு வந்தது. அதோடு திருப்தி அடைந்து உட்காரவில்லை. 1690-களில் வயலினைச் சற்று நீளமாகச் செய்து பார்த்தார். 1700 முதல் 1720 வரை அவர் கையிலிருந்து வந்தவையே தலைசிறந்தவை என்பது நிபுணர்களின் கருத்து. இதற்கிடையே 1698-ல் மனைவியை இழந்து, மறு வருஷம் அன்டோனியா என்பவரை மணந்தார். இரண்டு தாரத்துக்கும் சேர்த்துப் பதினொரு குழந்தைகள். பிரான்செஸ்கோ, ஒமோபோனோ என்ற இரு பிள்ளைகள் பட்டறையில் கூடவே உழைத்தார்கள். 1737 டிசம்பர் 18-ல், சுமார் 93-வது வயதில், காலமானார். எழுபது வருஷத்துக்கும் மேல் ஒரே தொழில்! சுமார் 1,100 வாத்தியங்கள் செய்திருப்பார் என்று மதிப்பிடுகிறார்கள். அவற்றில் சுமார் 650 இன்றும் இருக்கின்றன.

அவரை அடக்கம் செய்த தேவாலயம் 19-ம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. அந்த இடம் இன்று பூங்கா. ஆனால் பட்டறைச் சாமான்கள் பிழைத்தன. கடைசிப் பிள்ளை பாவ்லோ ஜவுளி வியாபாரி. மர அச்சுகளையும் கருவிகளையும் அவர் கோசியோ என்ற பிரபுவுக்கு விற்றார். அவை இப்போது கிரிமோனா வயலின் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒரு வயலின் அவருடையதா என்று பார்க்கும்போது, அதன் வடிவம் அந்த அச்சுகளோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கிறார்கள்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? மேல்பலகை ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம். வருஷத்துக்கு ஒரு வளையம். நல்ல பருவத்தில் அகலம், மோசமான பருவத்தில் குறுகல். அந்த வரிசையை, வருஷம் தெரிந்த மரங்களின் வரிசையோடு பொருத்தினால், பலகையின் கடைசி வளையம் எந்த வருஷத்தது என்று தெரிந்துவிடும். 1716-ல் செய்யப்பட்டு, ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் 'மெசையா' வயலின் மெருகு கலையாமல் புதிதுபோல் இருப்பதால், 1990-களின் இறுதியில் அதன் மேலேயே சந்தேகம் எழுந்தது. வளையங்களை எண்ணினார்கள்; கடைசி வளையம் 1680-களைச் சேர்ந்தது. சந்தேகம் பெருமளவு தணிந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வளையம் 1850 என்று சொன்னால், அது ஸ்ட்ராடிவாரி வயலின் இல்லவே இல்லை. 1680 என்று சொன்னால் இருக்கலாம், அவ்வளவுதான். பழைய மரத்தில் பின்னால் வந்தவரும் செய்திருக்கலாம். 'இல்லை' என்று மரம் சொல்லும்; 'ஆம்' என்பதை, அவர் வேலையை ஆயுள் முழுக்கப் பார்த்துப் பழகிய கண்தான் சொல்ல வேண்டும். சீட்டுக்கோ மதிப்பே இல்லை. ஜெர்மனி, பொஹீமியா, பிரான்ஸ் பட்டறைகள் 19-ம் நூற்றாண்டு முதல் லட்சக்கணக்கில் வயலின் செய்து, இந்தச் சீட்டையே ஒட்டின. அதில் பெரும்பாலும் மோசடி இல்லை. யாருடைய மாதிரி என்று காட்டும் அடையாளம். வாங்கியவருக்கும் அது தெரியும். பேரன் காலத்தில்தான் மறந்து போகிறது.

எங்கள் வயலினுக்கு நிபுணரே தேவைப்படவில்லை. சீட்டின் கீழ்ப்பாதியைத் தூசி மூடியிருந்தது. வாத்தியம் பழுது பார்ப்பவர்கள் செய்வதுபோல், துளை வழியாக ஒரு பிடி உலர்ந்த அரிசி போட்டு, மெதுவாகக் குலுக்கிக் கொட்டினேன். தூசி அரிசியோடு வந்துவிட்டது. அடியில் பொடி எழுத்தில் செக்கோஸ்லோவாகியாவில் செய்தது என்று இருந்தது. அந்த தேசம் உதயமானதே 1918-ல்!

பெரியவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீட்டைப் பார்க்கச் சொன்னேன். நெடு நேரம் பார்த்தான். பிறகு தம்பிக்கு அவனே போன் செய்தான். கடன் இன்னும் இருக்கிறது; தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். வயலினுக்குப் புதுத் தந்தி போட்டாகிவிட்டது. சின்னவன் பெண் அதில் ஸரளி வரிசை வாசிக்கிறாள். இதை வாங்கிய நாளில் அத்திம்பேர் எதிர்பார்த்ததும் இவ்வளவுதான் என்று தோன்றுகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படிச் சீட்டோடு ஒரு வயலின் இருந்தால், குடும்பத்தில் பாகப் பேச்சு எடுக்குமுன் ஒரு பிடி அரிசி போட்டுப் பாருங்கள்.